இதய மாத்திரையும் உடம்பில் தடிப்பும்: கடலூர் மருந்துக் கடையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் 17 வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், பார்மசி படித்தவள். ஜிப்மரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மாதாமாதம் பி.பி. மாத்திரை வாங்குகிறவர்கள், தேவனாம்பட்டினத்துக்காரர்கள், பண்ருட்டி முந்திரித் தோப்புக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, “இது மாத்திரையாலயா பாருங்கம்மா” என்று காட்டுவார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் நடக்கிற தவறுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

“ஹார்ட் மாத்திரை சாப்பிட்டா உடம்புல தடிப்பு வருமா?”

வரலாம். எல்லோருக்கும் வராது, ஆனால் எந்த மாத்திரைக்கும் வரலாம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின், ராமிப்ரில், மெட்டோப்ரோலால், டில்டியாசெம், நீர் பிரியும் மாத்திரைகள் என்று எதை எடுத்தாலும் பக்கவிளைவுப் பட்டியலில் அரிப்போ தடிப்போ இருக்கும்.

பெரும்பாலும் பார்ப்பது இதுதான்: நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் பொட்டுகள் கிளம்பி, ஒன்றிரண்டு நாளில் கை கால்களுக்குப் பரவும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அரிக்கும். புது மாத்திரை ஆரம்பித்த 4 முதல் 14 நாளுக்குள் வருவது வழக்கம். அதே மருந்து முன்பு ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், இந்தத் தடவை ஓரிரு நாளிலேயே வந்துவிடும். இன்னொரு வகை, கொசு கடித்தது போலத் திட்டுத் திட்டாக வீங்கும் தடிப்பு. ஒரு இடத்தில் வந்து சில மணி நேரத்தில் மறைந்து வேறு இடத்தில் கிளம்பும்.

“அரிச்சா மாத்திரைய நிறுத்திடலாமா?”

நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு வரியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல், டிகாக்ரெலார், பிராசுக்ரல் இவற்றில் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம் இரண்டும் சேர்ந்தே ஓடும். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் வைத்த உலோக வலை. அதன் மேல் உடம்பின் சொந்தத் திசு படர்ந்து மூடும் வரை ரத்தம் அதில் ஒட்டிக் கட்டியாகப் பார்க்கும். அதைத் தடுப்பது இந்த இரண்டு மாத்திரைகள்தான். முதல் ஒரு மாதத்தில் நிறுத்துவது எல்லாவற்றையும் விட ஆபத்து. அரிப்பைத் தாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்க ஒரு நாள் இருக்கிறது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அந்த ஒரு நாள் கிடைக்காது.

இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், அட்டினலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் திரும்பி வரலாம். டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் பெரும்பாலும் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். இதற்கெல்லாம் விதிவிலக்கு அடுத்த பதிலில் இருக்கிறது.

“அப்போ எப்ப பயப்படணும்?”

உதடு, நாக்கு, கண் இமை, தொண்டை வீங்கினால், குரல் கரகரத்தால், மூச்சு இழுத்தால், தடிப்போடு தலைசுற்றி மயக்கம் வந்தால் உடனே 108. ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையையும் போட வேண்டாம், எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நோயாளி மெட்டோப்ரோலால், அட்டினலால், ப்ரோப்ரனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆம்புலன்ஸில் ஏறியதுமே சொல்லிவிடுங்கள். கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி இவர்களிடம் எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமல் போகலாம்.

இரண்டாவது வகை மெதுவாக வரும், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். தடிப்போடு காய்ச்சல், வாய்க்குள் புண், கண் சிவந்து எரிச்சல், பிறப்புறுப்பில் புண், தோலில் கொப்புளம் கட்டி வெந்த மாதிரி உரிவது, அல்லது முகம் உப்பிக் கழுத்தில் நெறி கட்டி கண் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. புது மருந்து தொடங்கி 8 வாரம் வரைகூட இது வரலாம்.

“எட்டு மாத்திரை சாப்பிடுறேன். எது பண்ணுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

தேதியை வைத்துத்தான். தடிப்பு வந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் புதிதாகச் சேர்ந்தது எது, அளவு கூடியது எது, இடையில் பல் வலிக்கோ சளிக்கோ வாங்கிச் சாப்பிட்டது எது? பத்து வருஷமாகச் சாப்பிடும் மாத்திரையை விட, போன வாரம் வாங்கிய ஆன்டிபயாட்டிக் மேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும். வலி மாத்திரை, வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட்டுக்குக் கொடுக்கும் அல்லோபுரினால் இவையெல்லாம் தோலைக் கெடுப்பதில் இதய மாத்திரைகளுக்கு முன்னால் நிற்பவை. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு யூரிக் ஆசிட் ஏறி, அல்லோபுரினால் சேர்வது சகஜம். பழி மட்டும் இதய மாத்திரை மேல் விழும்.

ஒரு அம்மா மஞ்சள் பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். வெட்டிய ஸ்ட்ரிப் துண்டுகள் பதினொன்று. நான்கில் பெயரே இல்லை, வெள்ளியும் பொட்டு மாத்திரையும் மட்டும். ஒன்றில் “...ரில் 5” என்று பாதி எழுத்து. நான் என்ன சொல்ல முடியும்? ஸ்ட்ரிப்பை வெட்டி வாங்கும்போது பெயர் இருக்கும் பக்கத்தை வீட்டில் வைத்திருந்து, கடைசியாகத் தீருங்கள். கேட்டால் பெயரும் தேதியும் எழுதிக் கொடுப்போம், அது எங்கள் வேலை.

தடிப்பை முதல் நாளே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஜிப்மரில் உங்கள் முறை வருவதற்குள் அது மாறியிருக்கும்.

“மாமாவுக்கு அம்மை போட்டிருக்குங்க. வேப்பிலை கட்டியாச்சு. மாத்திரை கொடுக்கலாமா?”

சித்திரை, வைகாசியில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. ஒரு தடவை ஒரு மருமகள் பனங்கற்கண்டு வாங்கிய கையோடு வந்து, விளக்கெண்ணெய் கேட்டுக்கொண்டே, “மாத்திரையெல்லாம் நிறுத்திட்டோம்” என்றார். ஸ்டென்ட் வைத்து எத்தனை நாள் என்று கேட்டேன். ஒன்பது. போனில் இருந்த போட்டோவைக் காட்டினார். முதுகு முழுக்கச் சிவப்புப் பொட்டுகள், ஒன்றில்கூட நீர் கோக்கவில்லை. ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரிக்கு அங்கேயே நின்று போன் போட வைத்தேன். அன்று மாலையே வரச் சொல்லி, க்ளோபிடோக்ரலை மாற்றி எழுதினார்கள். அம்மை இல்லை. இரண்டு வேளை மாத்திரை விட்டுப்போயிருந்தது, அதற்கு மேல் போகாதது அவர்கள் புண்ணியம்.

அம்மைக் கொப்புளத்தில் நீர் இருக்கும். ஒன்று இப்போதுதான் சிவந்திருக்கும், பக்கத்தில் இன்னொன்று நீர் கோத்திருக்கும், மற்றொன்று காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். மருந்துத் தடிப்பு பெரும்பாலும் ஒரே வயசுப் பொட்டுகள். உடம்பின் ஒரே பக்கம் பட்டையாக எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அது அக்கி. செம்மண் எழுதுவதோடு நிறுத்தாமல் 3 நாளுக்குள் டாக்டரிடம் காட்டினால் வைரஸுக்கான மாத்திரை நன்றாக வேலை செய்யும்.

நிஜமாகவே அம்மையாக இருந்தாலும் வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதோடு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு மாத்திரையும் தொடரட்டும். இன்னொன்று, அம்மைக்கு என்று நாளுக்கு நான்கைந்து இளநீர் கொடுப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர்களுக்கும் கிட்னி பலவீனமானவர்களுக்கும் அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும். இதையும் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

“மூணு வருஷமா அதே பி.பி. மாத்திரைதான். இப்ப உதடு வீங்குது. அதுவா இருக்காதே?”

அதுவாக இருக்கலாம். தேதியை எண்ணச் சொன்னேனே, அந்தக் கணக்குக்குப் பிடிபடாத ஒரு வகை இது. பெயர் “ப்ரில்” என்று முடியும் மாத்திரைகள், அதாவது எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரின்டோப்ரில், மாதங்கள் ஏன் வருஷங்கள் கழித்தும் உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கும். உடம்பில் பிராடிகைனின் என்ற பொருள் கரையாமல் தேங்குவதால் வருவது. அதனால் அரிப்பும் இருக்காது, தடிப்பும் இருக்காது. சாதாரண ஒவ்வாமை மாத்திரைக்கு அடங்கவும் அடங்காது. காலையில் உதடு கொஞ்சம் தடித்து மத்தியானம் வடிந்துவிட்டால், “பூச்சி ஏதோ கடிச்சிருக்கும்” என்று விட்டுவிடுவார்கள். அடுத்த முறை நாக்கு வீங்கி மூச்சுக் குழாயை அடைக்கலாம்.

ஒருமுறை வந்துவிட்டால் ஆயுசுக்கும் எந்தப் “ப்ரில்”லும் கூடாது. சாகுபிட்ரில் கலந்த இதய பலவீன மாத்திரையும் கூடாது. சர்க்கரைக்கு வில்டாக்ளிப்டின் சாப்பிடுகிறவர்களுக்கு “ப்ரில்”லோடு சேரும்போது இந்த வீக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது. டாக்டர் வழக்கமாக டெல்மிசார்டன், லோசார்டன் பக்கம் யோசிப்பார். அவற்றில் இந்த வீக்கம் அபூர்வம்.

“ஒரு சிட்ரிசின் குடுங்க, சரியாயிடும்.”

சாதாரண அரிப்புக்கு டாக்டர்களே எழுதுவதுதான். தூக்கம் வரும், கிட்னி பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும். அமியோடரோன் போல இதயத் துடிப்புக்கான மருந்து சாப்பிடுகிறவர்கள் ஹைட்ராக்சிசின் மாதிரி பழைய அரிப்பு மாத்திரைகளைக் கேட்காமல் போடக் கூடாது, துடிப்பின் தாளம் கெடலாம்.

எனக்கு உண்மையான பயம் வேறு. “அரிப்புக்கு ஒரு செட்” என்று கேட்டால் பொடி வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரையைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அரிப்பு ஒரே நாளில் அடங்கும். பின்னாலேயே சர்க்கரை ஏறும், பி.பி. ஏறும், உடம்பில் நீர் கோத்து இதய பலவீனம் உள்ளவருக்கு மூச்சு வாங்கும். தடிப்பும் மறைந்துவிடுவதால் டாக்டருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பெயர் கேட்டு வாங்குங்கள்.

அதிமதுரம் சேர்ந்த கஷாயமும் இப்படித்தான். தொடர்ந்து குடித்தால் பொட்டாசியம் இறங்கி பி.பி. ஏறும். டிஜாக்சின், ஃப்ரூசமைடு சாப்பிடுகிறவர்களுக்கு அது பெரிய தொந்தரவு.

“கால் வீங்குது, அதுவும் அலர்ஜியா?”

பெரும்பாலும் இல்லை. அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு கணுக்காலும் சாயங்காலம் வீங்கும், காலையில் குறைந்திருக்கும். அளவைக் குறைத்தோ மாற்றியோ சரிசெய்வார்கள். மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள், அது இதயம் சொல்லும் சேதி.

“அப்பா முகம் மட்டும் கறுத்துப்போச்சு. வெயில்தானே?”

வெயில்தான், ஆனால் மருந்தோடு சேர்ந்த வெயில். அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்ட இடம் சுள்ளென்று எரிந்து சிவக்கும். நாளாக நாளாக முகம் சாம்பல் கலந்த நீலமாக மாறுவதும் உண்டு. காலர் வரைக்கும் ஒரு நிறம், அதற்குக் கீழே வேறு நிறம் என்று கோடு கிழித்தாற்போல் தெரியும். ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃப்ரூசமைடு, டில்டியாசெம் ஆகியவற்றுக்கும் வெயிலோடு பகை உண்டு.

வெயிலில் இதைக் கிளப்பிவிடும் கதிர் கண்ணாடி வழியாகவும் வரும். கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் ஜன்னல் மூடி உட்கார்ந்தாலும் தப்பாது, நிழல் பக்கம் உட்காருங்கள். கடலுக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, டாக்டர் சொல்லும் சன்ஸ்கிரீன் என்று இருக்க வேண்டும். அமியோடரோன் உடம்பை விட்டு வெளியேற மாதக்கணக்காகும். நிறுத்திய பிறகும் சில மாதம் வெயிலில் எச்சரிக்கை தேவை.

“கையெல்லாம் நீலநீலமா இருக்கு, அரிப்பே இல்ல. இது என்ன?”

தோலுக்கடியில் கசிந்த ரத்தம். ஒரு கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். மங்கினால் தடிப்பு, மங்காமல் அப்படியே தெரிந்தால் ரத்தக் கசிவு. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சேர்ந்து ஓடும்போது லேசாக இடித்தாலே கன்றிப்போகும். ஓரிரண்டு இடத்தில் இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் போதும். கால் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் புள்ளிகள், அதோடு காய்ச்சல், வெளிறல், தடுமாற்றம், சிறுநீர் கறுப்பு என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், அசெனோகூமரால் வேறு கதை. புதிதாகக் கன்றல் தெரிந்தால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை உடனே. வார்ஃபரின் ஆரம்பித்த முதல் 10 நாளுக்குள் தொடை, வயிறு, மார்பு மாதிரிக் கொழுப்புள்ள இடத்தில் வலியோடு கருஞ்சிவப்புத் திட்டு வந்தால், அது அபூர்வமான ஆனால் தோலையே அழுகச் செய்யும் பக்கவிளைவு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“மீன் சாப்பிட்டதால வந்த கரப்பானா, மாத்திரையாலயா?”

எங்கள் ஊரில் இதைக் கேட்காமல் முடியாது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், சமைத்தாலும் போகாது. சாப்பிட்டுச் சில நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும், நாக்கில் மிளகுக் காரம் தெரியும். அதே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்திருந்தால் மாத்திரையை விட்டுவிட்டு மீனைச் சந்தேகப்படலாம். இறாலோ நண்டோ சிலருக்கு நிஜ ஒவ்வாமை. அது சாப்பிடும் ஒவ்வொரு முறையும் வரும்.

முந்திரி உடைக்கிற பெண்களுக்கு வருவது இன்னொன்று. கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்ட விரல் இடுக்கிலும், அந்தக் கையால் தொட்ட கழுத்திலும் முகத்திலும் வெந்தாற்போல் கறுத்துக் கொப்புளம் வரும். எண்ணெய் படாத முதுகு சுத்தமாக இருக்கும். மருந்துத் தடிப்பு பெரும்பாலும் முதுகை விடாது.

“கீழ அரிக்குது. கேக்கவே கூச்சமா இருக்கு.”

ஒரு பெரியவர் காகிதத்தில் எழுதி நீட்டினார். கூச்சம் வேண்டாம். சர்க்கரைக்கும் இதய பலவீனத்துக்கும் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். அந்த இடத்தில் பூஞ்சைக் காளான் வளர்வது அதனால்தான். இது ஒவ்வாமை இல்லை. பூஞ்சைக்கான களிம்பில் பெரும்பாலும் சரியாகும். சிறுநீர் போனதும் தண்ணீரில் கழுவி ஈரம் ஒற்றுங்கள். கடுமையான வலி, வீக்கம், காய்ச்சல் சேர்ந்தால் தாமதம் கூடாது.

“சொரியாசிஸ் அடங்கி இருந்துச்சு. ஹார்ட் மாத்திரைக்கு அப்புறம் கிளம்பிடுச்சு.”

மெட்டோப்ரோலால், அட்டினலால் வகை மாத்திரைகள் பழைய சொரியாசிஸைக் கிளப்பிவிடும் என்பது தெரிந்த விஷயம். பல மாதம் கழித்தும் நடக்கும். இதய டாக்டர் தோலைப் பார்க்க மாட்டார், தோல் டாக்டர் இதயச் சீட்டைக் கேட்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். இரண்டு சீட்டையும் இருவரிடமும் நீங்களே நீட்டுங்கள்.

“போன மாசம் வெள்ளை மாத்திரை, இந்த மாசம் மஞ்சள். அதுல இருந்துதான் அரிப்பு.”

நடக்கக்கூடியதுதான். மருந்து ஒன்றாக இருந்தாலும் நிறத்துக்கும் பூச்சுக்கும் சேர்க்கும் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சள் நிறத்துக்குப் போடும் டார்ட்ரசின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பழைய கம்பெனிக்கே மாறி அரிப்பு நின்றால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

“ஆஸ்பிரினே ஆகாதுன்னா ஸ்டென்ட் வெச்சவங்க என்ன பண்றது?”

முதலில், “ஆகாது” என்றால் என்ன ஆனது என்று சொல்லுங்கள். வயிறு எரிந்ததும் அலர்ஜி இல்லை, கன்றிப்போனதும் அலர்ஜி இல்லை. உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு இழுத்ததா? அது நிஜமென்றால், ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைத்து மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து, படிப்படியாக ஏற்றி, உடம்பைப் பழக்கும் முறை இருக்கிறது. பழகியபின் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும். சில நாள் இடைவெளி விழுந்தால் பழைய ஒவ்வாமை திரும்பிவிடும். க்ளோபிடோக்ரலுக்குத் தடிப்பு வந்தால் வேறு மருந்துக்கு மாற்றலாம். சில சமயம் அரிப்புக்குச் சிகிச்சை கொடுத்தபடி அதையே தொடர வைப்பதும் உண்டு. எது என்பது ஸ்டென்ட் வைத்த டாக்டரின் முடிவு.

ஆஸ்பிரினுக்குத் தடிப்பு வந்தவர்களில் பலருக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவையும் ஆகாது. மூட்டு வலிக்கு ஊசி போடுவதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

“எதை எழுதி வெச்சுக்கணும்?”

மருந்தின் பெயர் (கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), ஆரம்பித்த தேதி, தடிப்பு வந்த தேதி, எப்படி வந்தது, எதில் அடங்கியது. ஒரு அட்டையில் எழுதி ஆதார் கார்டோடு சேர்த்து வையுங்கள், மயங்கி விழுந்தால் முதலில் தேடுவது அதைத்தான். வீட்டில் இன்னொருவர் போனிலும் ஒரு போட்டோ இருக்கட்டும்.

மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்ய மத்திய அரசின் திட்டம் 2010 முதல் இருக்கிறது. நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துச் சொல்லலாம். நம்பர் தேவைப்பட்டால் சீட்டில் எழுதிக் கொடுக்க எந்த மருந்துக் கடையிலும் கேளுங்கள். எங்கள் கடையில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.